கொழுப்பு இல்லாத எண்ணெய்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, திருவானைக்காவலில் ஓர் அரிசி மில்லில் எஞ்சின் டிரைவராகச் சேர்ந்தேன். அதற்கு முன் பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. அங்கே கும்பலில் ஒருத்தன்; இங்கே எஞ்சின் ரூமுக்கு நான்தான் ராஜா என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்த பிறகுதான் ராஜாவுக்கு மேலே மூன்று பேர் இருப்பது தெரிந்தது.

முதலாவது, முதலாளி. ஸ்ரீரங்கத்து ஐயங்கார். தங்கமான மனுஷர், ஆனால் எஞ்சின் என்றால் பயம். அதைக் கோயில் யானையைப் போலத்தான் நடத்துவார். தூரத்தில் நின்று கும்பிடுவார், வெள்ளிக்கிழமை முன்னால் பழம் வைப்பார், பின்பக்கம் மட்டும் போகமாட்டார். இரண்டாவது, அவருடைய அக்காள் புருஷர். போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இங்கிலீஷ் தெரியும், சாஸ்திரமும் தெரியும், பொழுதுதான் போகாது. தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்தே மில்லுக்கு வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மூன்றாவது, முதலாளியின் சம்சாரம். அந்த அம்மாவை எல்லோரும் மாமி என்பார்கள். மாமி மில் பக்கம் வந்ததே கிடையாது. ஆனால் முதலாளி எதைச் சொன்னாலும், "ஆத்துல கேட்டுண்டு சொல்றேன்" என்றுதான் முடிப்பார். அதனால் மாமியும் கணக்கில் சேர்த்திதான்.

எஞ்சின் சீமையிலிருந்து வந்தது. இன்றைக்கு டீசல் எஞ்சின் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது ஆயில் எஞ்சின். ஒரே சிலிண்டர், படுத்த வாக்கில். இரண்டு பக்கமும் என் தோள் உயரத்துக்கு இரண்டு சக்கரங்கள். புகைக்குழாய் கூரைக்கு மேலே போகும். அதன் வாயில் ஒரு பழைய டப்பாவைக் கட்டியிருந்தோம். எஞ்சின் ஓடினால் 'குக்கூ, குக்கூ' என்று ஊரெல்லாம் கேட்கும். மில் ஓடுகிறது என்று ஜனங்கள் நெல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலிண்டர் தலைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் எண்ணெய் ஊற்றி வைத்தால் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். அந்தச் சொட்டு நின்றால் எஞ்சினுக்கு உயிர் நின்றது என்று அர்த்தம்.

எஞ்சினோடு வந்த எண்ணெய் டின்கள் ஒரு வருஷத்தில் தீர்ந்துபோயின. வேறு வாங்க நான்தான் பெரிய கடைவீதிக்குப் போனேன். நான் கேட்ட டின் கடையில் இல்லை. கடைக்காரர் வேறொன்றைத் திறந்து காட்டினார். கரும்பச்சை நிறம். வெல்லப்பாகு மாதிரி கெட்டி.

"கெட்டியா இருந்தா நல்லதுதானே பாய்? எஞ்சினுக்கு மெத்தை போட்ட மாதிரி இருக்கும்" என்றார்.

விரலில் தொட்டு இழுத்துப் பார்த்தேன். நூல் விட்டது. எனக்குப் பிடித்துப்போயிற்று. பட்டறையில் நீராவி எஞ்சின்களுக்கு இந்த மாதிரி எண்ணெய்தான் ஊற்றுவோம். நீராவி எஞ்சின் வேறு, இது வேறு என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் முதல் காரணம் நான்தான் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வாரம் ஒருநாள் போஸ்ட்மாஸ்டருக்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. தினசரியை விளம்பரம் உட்பட முடித்துவிட்டார். எழுந்து எஞ்சின் ரூமுக்குள் வந்து டின்மேல் இருந்த இங்கிலீஷைப் படிக்க ஆரம்பித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"பாய், இதென்ன எண்ணெய்?"

"எஞ்சின் எண்ணெய்ங்க சாமி."

"அது தெரியறது. இதுல டாலோ கலந்திருக்குன்னு போட்டிருக்கானே! டாலோன்னா என்ன தெரியுமோ?"

"தெரியாதுங்களே."

"கொழுப்பு! ஆட்டுக் கொழுப்பு!" என்று டின்னிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றார். பிறகு இன்னொன்று தோன்றியிருக்க வேண்டும், மேலும் இரண்டு அடி தள்ளிப் போனார். "ஆடாத்தான் இருக்கணும்னு என்ன கட்டாயம்?"

முதலாளி ஓடிவந்தார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சாமி, எஞ்சின் ஒரு ரூம், அரிசி மிஷின் ஒரு ரூம். எண்ணெய் அரிசிகிட்டகூடப் போறதில்லீங்க. நடுவுல பெல்ட் மட்டுந்தாங்க இருக்கு."

"அந்தப் பெல்ட் வழியாச் சம்பந்தம் வந்துடறதே!" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

பெல்ட் எந்தத் தோலால் ஆனது என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நெல் வண்டிகூட வரவில்லை. எஞ்சின் 'குக்கூ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, கேட்பாரில்லை. போஸ்ட்மாஸ்டர் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு விஷயம் போனால் தபாலை விடச் சீக்கிரம் வீடுவீடாகப் போய்விடும்.

முதலாளி, புரோகிதம் பண்ணுகிற வாத்தியாரை வரவழைத்து, தீட்டுக் கழிய எஞ்சினுக்குப் புண்ணியாகவாசனம் பண்ணினார். அப்போதுதான் எஞ்சினை நிறுத்தியிருந்தேன். வாத்தியார் மந்திரம் சொல்லித் தர்ப்பையால் தீர்த்தம் தெளித்தார். சூடாக இருந்த சிலிண்டரில் பட்டதும் 'சுர்ர்' என்று ஆவி கிளம்பியது. வாத்தியார் ஒரு கணம் மந்திரத்தை விட்டுவிட்டார்.

"பார்த்தேளா, தோஷம் போறது!" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

தோஷம் போயிற்று, எண்ணெயும் போயிற்று. வேறு எதை ஊற்றுவது? முதலாளி அன்றிரவு வீட்டில் கேட்டாரோ, கேட்காமல் தாமாகவே முடிவு செய்தாரோ தெரியாது. காலையில் ஒரு பெரிய தூக்கு நிறைய நல்லெண்ணெயோடு வந்தார். செக்கில் ஆட்டியது. நல்ல மணம்.

"சாமி, இது தோசைக்கு ஊத்தறதுங்க."

"தோசை சுடற சூட்டைத் தாங்கறதோல்லியோ? எஞ்சின் சூட்டைத் தாங்காதா?"

எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டை நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்? ஊற்றினேன். ஓடியது. அரை மணிநேரத்தில் தெரு முழுக்க முறுக்கு சுடுகிற வாசனை. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். ஓர் அம்மாள் உள்ளே வந்து, "என்ன விசேஷம்? பட்சணம் விலைக்குக் கொடுப்பேளா?" என்று கேட்டார். மில்லில் மூட்டை தூக்குகிற ஆட்களுக்குப் பத்து மணிக்கே பசி எடுத்துவிட்டது. எஞ்சினுக்குத்தான் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. சூட்டில் நல்லெண்ணெய் தண்ணீராக இளகி ஓடிவிட்டது. சக்கரத்து அச்சு கைவைக்க முடியாமல் கொதித்தது, முனகியது. ஐந்தாம் நாள் நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, "இனிமே ஓட்டமாட்டேங்க சாமி, உடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து விளக்கெண்ணெய். அதைச் சொன்னது முதலாளிதான் என்றாலும் நானும் தலையாட்டினேன். ஆகாய விமானத்துக்கே விளக்கெண்ணெய் ஊற்றி ஓட்டினார்கள் என்று பட்டறையில் ஒரு துரை சொல்லிக் கேட்டிருந்தேன். விமானம் மாதிரியே எங்கள் எஞ்சினும் பறந்தது. அச்சு குளிர்ந்தது. முனகல் நின்றது. ஸ்ரீரங்கத்து வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. நான் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

தொந்தரவு புகையில் வந்தது. விளக்கெண்ணெய் எரிந்த புகைக்கு ஒரு தித்திப்பும் குமட்டலுமான வாடை உண்டு. சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊற்றப்பட்ட யாருக்கும் அது மறக்காது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார்.

"ஏங்க, உங்க மில்லு புகை என் வயித்தைக் கலக்குதுங்க. நேத்து ரெண்டாவது பீரியட் முடியறதுக்குள்ள மூணு தடவை எழுந்து போனேன். பசங்க சிரிக்கிறாங்க."

"புகை வயித்துக்குப் போகாதுங்களே" என்றேன்.

"போகுது. நான் சொல்றேன், போகுது!" என்று அடித்துப் பேசிவிட்டு, பேச்சை முடிக்காமலே அவசரமாக வீட்டுக்குத் திரும்பினார்.

இதையெல்லாம் நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் போஸ்ட்மாஸ்டர். அவருக்குப் பல வருஷமாக மலச்சிக்கல் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும்; அவரே தினமும் சொல்வார். மறுநாள் காலை அவருடைய நாற்காலி புகைக்குழாய்க்கு நேர் கீழே, காற்று வீசும் பக்கமாகப் போய்விட்டது. நாலு நாள் கழித்து முகம் தெளிந்து வந்தார்.

"பாய், இந்தப் புகை தெய்வீக ஔஷதம்."

தபால் போயிற்று. ஒரு வாரத்துக்குள் ஆறேழு பெரியவர்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் நடந்து வந்து, புகைக்குக் கீழே வரிசையாக நின்று மூச்சு இழுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள். போகவர அவ்வளவு தூரம் நடந்தால் எந்த வயிறும் வழிக்கு வரும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் யார் கேட்பார்கள்? அவர்களில் ஒருவர் என் காதருகே வந்து, "எனக்குக் கொஞ்சம் முத்தின கேஸ். நாளைக்கு ரெண்டு சொட்டு கூட விடுங்கோளேன்" என்றார்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. தை மாதம் முதலாளி மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். கல்யாணத்துக்கு வேண்டிய அரிசி முழுக்கச் சொந்த மில்லில், சொந்த நெல்லில் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நெல் வந்து இறங்கியது.

காலையில் எஞ்சினைக் கிளப்பப் போனேன். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஓர் இடத்தில் அது நம்மை எதிர்த்துத் தள்ளும். உள்ளே காற்று இறுகுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு அது தள்ளவே இல்லை. ராட்டினம் மாதிரி லேசாகச் சுற்றியது. சுற்றினோம், சுற்றினோம், நானும் இரண்டு ஆட்களும் வேர்த்து விறுவிறுத்துப்போனோம். டப்பாவிலிருந்து ஒரு 'குக்கூ' வரவில்லை.

எஞ்சினைப் பிரித்தேன். சங்கிலி போட்டு பிஸ்டனை வெளியே இழுத்ததும் அங்கே நின்றிருந்தவர்கள் எல்லோரும் "ஐயையோ" என்றார்கள். பிஸ்டனைச் சுற்றி இரும்பு வளையங்கள் இருக்கும். அவை தளர்வாக, கை பட்டால் அசைய வேண்டும். இங்கே வளையம் எது, பிஸ்டன் எது என்றே தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து கறுப்பாக, பிசினாக, ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. இரண்டு மாதத்து விளக்கெண்ணெயும் அங்கேதான் இருந்தது.

முதலாளி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்படியாப் பண்ணும்? நாள் எண்ணிண்டிருக்கேனே. சம்பந்திக்கு என்ன பதில் சொல்வேன்?"

"அஷ்டமத்துச் சனி" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"எனக்கா, எஞ்சினுக்கா?"

போஸ்ட்மாஸ்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. எஞ்சினுக்கு ஜாதகம் இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

செய்தி வீட்டுக்குப் போய் ஒரு மணிநேரத்தில் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. மாமி இறங்கினார். மில்லுக்குள் அவர் காலடி வைத்தது அன்றுதான். எஞ்சின் ரூம் வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், கணவரிடம் சொன்னார்: "ஏன்னா, அந்தக் கறுப்பைக் கொஞ்சம் சுரண்டித் தரச் சொல்லுங்கோ."

ஒரு வாழை இலைத் துண்டில் சுரண்டிக் கொடுத்தேன். மாமி அதை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது வெறும் எண்ணெய்ப் பிசுக்கு. அப்பக்காரையில ஓரத்துல படியறதே, அதேதான். தேங்காய் நார் போட்டுத் தேச்சாலும் போகாது. தினம் தினம் எண்ணெயைக் காய்ச்சிக் காய்ச்சி ஊத்தினா வேற என்ன ஆகும்? சனியாம், சனி!" கடைசி வார்த்தை போஸ்ட்மாஸ்டர் பக்கமாகப் போயிற்று. "காய்ச்சினாலும் பிசுக்குப் பிடிக்காத எண்ணெய்னு ஒண்ணு உண்டான்னு பாயைக் கேளுங்கோ."

"உண்டுங்க" என்றேன். "எஞ்சினோட வந்த எண்ணெய் அப்படித்தாங்க இருந்துச்சு. அது மண்ணெண்ணெய் மாதிரி பூமிக்குள்ளேருந்து எடுக்கறதுங்க."

"அதை வாங்கினாப் போறதே. இதுக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?"

கடைவீதிக்கு ஆள் அனுப்பினோம். அதிர்ஷ்டம், மெட்ராஸ் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட் ஜங்ஷன் பக்கம் ஓர் ஓட்டலில் தங்கியிருந்தார். பிற்பகலில் ஜட்காவில் வந்து இறங்கினார். கோட்டு, தொப்பி, கையில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் மூன்று கண்ணாடி பாட்டில்கள். ஒன்று கரும்பச்சை, ஒன்று தேன் நிறம், ஒன்று வெளிறிய மஞ்சள்.

"மூணுமே ஃபஸ்ட் கிளாஸ் சார். எது வேணும்னாலும் எடுத்துக்கலாம். எந்த எஞ்சினுக்கும் போடலாம்" என்றார்.

"இதுல ஏதாவது ஜீவ சம்பந்தம் உண்டா?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர்.

ஏஜெண்டுக்குக் கேள்வி புரியவில்லை. "ஜீவன் நிறைய இருக்கு சார்! ஊத்தின உடனே எஞ்சினுக்கு உயிர் வந்துடும்!"

போஸ்ட்மாஸ்டர் முகம் போன போக்கைப் பார்த்து, விஷயத்தை நான் விளக்கினேன். ஏஜெண்ட் உடனே மாற்றிக்கொண்டார். "ஐயையோ, கொழுப்பா? எங்க எண்ணெயிலயா? மூணுமே சுத்த சைவம் சார்."

அவரை நம்புவதா வேண்டாமா என்று முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மாமி யாரையும் பார்க்கவில்லை. "கும்மட்டி அடுப்புல கரி போட்டு மூட்டச் சொல்லுங்கோ. ஆத்துக் கரண்டி வேண்டாம், அஞ்சு தகரம் வெட்டித் தரட்டும்" என்றார்.

மில் முற்றத்தில் அடுப்பு வைத்தோம். ஒரே அளவாகத் தகரம் வெட்டி, ஓரத்தை மடித்துக் கொடுத்தேன். மாமி முதல் தகரத்தில் நல்லெண்ணெய், இரண்டாவதில் விளக்கெண்ணெய், மற்ற மூன்றில் ஏஜெண்டின் பாட்டில்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் விடச் சொல்லி அடுப்பில் வைத்தார். மில் ஆட்கள், எதிர்வீட்டு வாத்தியார், புகைக்கு வருகிற பெரியவர்களில் இரண்டு பேர், எல்லோரும் சுற்றி நின்றோம்.

நல்லெண்ணெய் புகைந்து மஞ்சளாக ஒட்டியது. விளக்கெண்ணெய் கம்பிப் பாகு பதத்துக்கு வந்தது. மாமி ஒரு குச்சியால் தொட்டுத் தூக்கினார். தகரமே கூட எழுந்து வந்தது. "இதைத்தான் உள்ள விட்டிருந்தேள்" என்றார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

அப்போது கரும்பச்சை எண்ணெயிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இதென்ன, ஒரு தினுசா இருக்கே?" என்றார்.

"எண்ணெய் வாசனைதாம்மா" என்றார் ஏஜெண்ட்.

போஸ்ட்மாஸ்டர் மோந்து பார்த்தார். முதலாளி மோந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. எப்படிப் புரியும்? ஏழு தலைமுறையாக அந்த வாசனை வீட்டுக்குள் வந்திராத மூக்குகள். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே மூக்கு யாருடையது என்பது ஒரே சமயத்தில் எல்லோருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.

மாமி அன்றுதான் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "பாய், நீங்க கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்கோ."

குனிந்தேன். ஒரு தடவை இழுத்ததுமே தெரிந்துவிட்டது. பக்ரீத் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் கொழுப்பு உருக்குவார்கள். அதே வாசனை. சொல்லப்போனால், எனக்குக் கொஞ்சம் பசி எடுத்தது. அதை அங்கே சொல்லவில்லை.

"கொழுப்புதாங்க" என்றேன்.

"நிச்சயமா?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"நிச்சயமுங்க சாமி."

"ஆடா, மாடா?"

"அவ்வளவு தூரம் எனக்குத் தெரியாதுங்க" என்றேன். தெரியும். ஆனால் அந்த மனுஷருக்கு அன்றைக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏஜெண்ட் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது வேற சரக்கு சார். ஸ்டீம் எஞ்சினுக்கு உள்ளது. பெட்டியில மாறி வந்துடுச்சு" என்றார். பாவம், அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். விற்கிற எண்ணெயை அடுப்பில் வைத்துப் பார்க்கிறவர்கள் அதுவரை அவர் கண்ணில் பட்டிருக்கமாட்டார்கள்.

மிச்சம் இரண்டு. மஞ்சளும் தேன் நிறமும் காய்ந்து, தகரத்தில் ஈரம் மாதிரி ஒரு பூச்சு மட்டும் இருந்தது. துணியால் துடைத்தேன், பளிச்சென்று வந்துவிட்டது. மாமி முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "இந்த ரெண்டுல எது?"

அதற்கு எனக்கு வழி தெரியும். தகரத்தைச் சூடாக்கிச் சாய்த்துப் பிடித்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். மஞ்சள் தண்ணீராக ஓடிக் கீழே விழுந்தது. நல்லெண்ணெய் பட்ட பாட்டைத்தான் இதுவும் படும். தேன் நிறம் அவசரப்படாமல், போன வழியெல்லாம் ஒரு மெல்லிய தடம் விட்டுக்கொண்டு இறங்கியது. "இதுங்க அம்மா" என்றேன்.

அப்போதுதான் ஏஜெண்ட் வாயைத் திறந்தார். "எஞ்சின் கம்பெனி ஒரு புஸ்தகம் கொடுத்திருப்பானே சார். அதுல எந்த எண்ணெய்னு போட்டிருக்குமே."

முதலாளி மெதுவாகச் சொன்னார்: "புஸ்தகம் இருக்கு. ஆத்துல பெருமாள் சந்நிதியில வெச்சிருக்கேன்."

எஞ்சின் வந்த வருஷம் சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. தினமும் சந்தனம், குங்குமம், துளசி. குதிரைவண்டியை அனுப்பி அதை வரவழைத்தோம். பக்கங்கள் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. போஸ்ட்மாஸ்டர் நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிரித்தார். எண்ணெய் என்ற தலைப்பு வந்ததும் உரக்கப் படித்து, தமிழில் அர்த்தம் சொன்னார்:

"சுத்தமான கனிம எண்ணெய் மட்டுமே உபயோகிக்கவும். மிருகக் கொழுப்பு, தாவர எண்ணெய், இவை கலந்த எதையும் எக்காரணம் கொண்டும் உபயோகிக்கக் கூடாது."

போஸ்ட்மாஸ்டர்தான் முதலில் தேறினார். புத்தகத்தை மூடி, "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ? சீமைக்காரனும் அதையேதான் சொல்றான்!" என்றார்.

"தாவர எண்ணெயும் கூடாதுன்னு சொல்றானே அத்திம்பேர்" என்றார் முதலாளி.

"அது அவன் அபிப்பிராயம்."

மாமி தேன் நிற பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பூமாதேவிகிட்டேர்ந்து வரதுன்னா ஒரு தோஷமும் கிடையாது. நாளைக்கே ஊத்தச் சொல்லுங்கோ" என்று முடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மூங்கில் சிம்பால் சுரண்டி, வளையங்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். ஒன்று உடைந்தது, மற்றவை தப்பின. அதற்கடுத்த நாள் காலை சக்கரத்தைச் சுற்றியபோது அது என்னை எதிர்த்து ஒரு தள்ளுத் தள்ளியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'குக்கூ' என்றது. கல்யாணத்து நெல் முழுக்க ஒன்றரை நாளில் அரைத்து முடித்தோம்.

வாடை போனதில் எதிர்வீட்டு வாத்தியாருக்குச் சந்தோஷம். புகைக்கு வருகிற பெரியவர்களுக்குத்தான் வருத்தம். நாலைந்து நாள் வந்து நின்று பார்த்துவிட்டு, "பழைய வீரியம் இல்லை" என்று சொல்லி வருவதை நிறுத்திவிட்டார்கள். நடையும் நின்றது, வயிறு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் மட்டும் புது டின் வரும்போதெல்லாம் தகரத்தை அடுப்பில் வைத்து, என்னை மோந்து பார்க்கச் சொல்லி, நான் "இல்லீங்க" என்ற பிறகுதான் டின்னை உள்ளே விடுவார். நான் அந்த மில்லை விட்டுப் போகும்வரை அது நடந்தது.

கல்யாணத்தன்று பந்தல் வாசலில் நின்று முதலாளிக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் காலத்தில் அவர்கள் பந்தியில் எனக்கு இடம் இல்லை; அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சாயங்காலம் மாமி சொல்லி, எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய கூடை வந்தது. புளியோதரை, தயிர் சாதம், ஒரு பானை நிறைய அக்காரவடிசல். தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்தும் மிச்சம் இருந்தது.

என் சம்சாரம் அக்காரவடிசலை ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி ருசித்தாள். பிறகு மென்றவள் நிறுத்தி, வாயிலிருந்து எதையோ எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஏங்க, இத்தனை நாளா எண்ணெய் எண்ணெய்னு உசுரை விட்டீங்களே. அரிசில கல்லு இருக்குங்களே?"

"கல்லு மிஷின் ரூமு சமாச்சாரம். எனக்கு எஞ்சின் ரூம்தான்" என்று சொல்லிவிட்டு, நான் இன்னொரு கை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.